நாயின் கழுத்தில் ஒரு தார்க்குச்சி

1/ போன வாரம் "நாய்க்கு ப்ராங் காலர், ஷாக் காலர் மாட்டாதீங்க"னு ரெண்டு வரி போட்டேன். வந்த பதில்கள்ல பாதி ஒரே கேள்வி: "எம்பிபிஎஸ் டாக்டருக்கு நாய் ட்ரெய்னிங்ல என்னங்க வேலை?" நியாயமான கேள்விதான். ஆனா ரெண்டு வரியில பதில் சொல்ல முடியாது. அதான் இந்த நீண்ட த்ரெட். கோபம் வந்தா கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

2/ நான் கால்நடை மருத்துவர் இல்லை. நாய் ட்ரெய்னரும் இல்லை. கோவைப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கறேன். நாய்க்கடி கேஸ் வராத ட்யூட்டி நாள்னு ஒண்ணு எனக்கு ஞாபகமே இல்லை. காலர் கடையில விக்குது, ட்ரெய்னர் கையில போகுது, நாய் கழுத்துல ஏறுது. அது தப்பாப் போனா வந்து சேர்ற இடம் எங்க கேஷுவாலிட்டி. எனக்கு இதுல வேலை அதுதான்.

3/ ஒரு கேஸ் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். ஏழு வயசுப் பையன். மேலுதட்டுல இருந்து கன்னம் வரைக்கும் கிழிசல். கடிச்சது சொந்த வீட்டு நாய், ஜெர்மன் ஷெப்பர்டு, மூணு வயசு, தடுப்பூசி எல்லாம் போட்டது. பையன் செஞ்சது என்ன? கீழ உருண்ட பென்சிலை எடுக்க நாய் பக்கத்துல குனிஞ்சான். அவ்வளவுதான்.

4/ தோலைக் கிழிச்ச கடி மூணாம் வகை. அதுவும் முகம். 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவி, காயத்துக்குள்ளயும் சுத்தியும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டோம். ஏழு வயசுப் பையனோட கிழிஞ்ச உதட்டுல ஊசி குத்தறது எப்படி இருக்கும்னு போட்டவங்களுக்குத் தெரியும். ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டாங்க.

5/ அந்தம்மா வெளிய பெஞ்சுல உக்காந்து சொன்னதை அப்படியே எழுதறேன். "முன்னெல்லாம் பசங்க பக்கத்துல போனா உறுமுமுங்க டாக்டர். ட்ரெய்னர் வந்து முள்ளு பெல்ட்டு போட்டுப் பழக்குனாருங்க. மூணே மாசத்துல உறுமறதே நின்னு போச்சுங்க. நல்லாயிருச்சுன்னு தானுங்க நெனச்சோம்."

6/ ஒரு கேஸை வெச்சு முடிவு சொல்லக் கூடாதுனு எனக்கும் தெரியும். அந்தக் கடிக்கு அந்தக் காலர்தான் காரணம்னு நான் சர்டிபிகேட் எழுதலை. ஆனா "உறுமறது நின்னு போச்சு, நல்லாயிருச்சு"ங்கற அந்த வாக்கியம் இருக்கே, அதைத்தான் இந்த ட்ரெய்னிங் விக்குது. நான் சண்டை போடறது அந்த வாக்கியத்தோடதான்.

7/ முதல்ல பொருள் என்னனு தெரியாதவங்களுக்கு. ப்ராங் காலர்: இரும்புக் கண்ணிகளால ஆன பட்டை, உள்பக்கமா திரும்பின கம்பி முனைகள் இருக்கும். நாய் இழுத்தாலோ நீங்க சுண்டினாலோ சுத்தி எல்லா முனையும் ஒண்ணா கழுத்துல அழுந்தும். ஷாக் காலர்: கழுத்துத் தோலைத் தொடற ரெண்டு உலோக முனை, ஒரு பேட்டரிப் பெட்டி, ரிமோட் உங்க கையில. ஆன்லைன்ல யார் வேணா வாங்கலாம். எந்தப் பயிற்சியும் கேக்க மாட்டாங்க.

8/ இமயமலைப் பக்கம் ஆடு மேய்க்கறவங்க நாய்க்கு இரும்பு முள் பட்டை கட்டுவாங்க. சிறுத்தை கழுத்தைக் கவ்வக் கூடாதுன்னு. அந்த முள் வெளிப்பக்கம் பார்த்து இருக்கும். நம்ம ஊர்ல இப்ப விக்கறது உள்பக்கம் பார்த்து இருக்கு. பொருள் யாரைக் காப்பாத்த, யாரைக் குத்தனு முள்ளு இருக்கற திசையே சொல்லிடும்.

9/ "இது வலிக்காது டாக்டர், சும்மா ஒரு கம்யூனிகேஷன்." இதுதான் முதல் வாதம். ஸ்டிம், டேப், கரெக்‌ஷன்னு பேர் வெச்சிருக்காங்க. நான் கேக்கறது ஒண்ணுதான்: வலியோ, தொந்தரவோ, பயமோ எதுவுமே இல்லைன்னா நாய் ஏன் செய்யறதை நிறுத்துது? நாய்க்குப் பிடிக்காத ஒண்ணு நடந்தாதான் இந்தக் கருவி வேலை செய்யும். பிடிக்காதது எதுவும் நடக்கலைன்னா அது வேலை செய்யாது. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க.

10/ "என் கையில வெச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை. பிசியோதெரபியில குடுக்கற கரண்ட் மாதிரிதான்." பிசியோதெரபியில கரண்ட் எப்ப வரும், எதுக்கு வரும்னு நோயாளிக்குத் தெரியும். "போதும்"னு சொன்னா நிறுத்துவாங்க. உங்க கையில வெச்சப்போ பட்டனும் உங்க கையிலதான் இருந்தது. கண்ணைக் கட்டி, பட்டனை உங்களைப் பிடிக்காத ஒருத்தர்கிட்ட குடுத்து, கழுத்துல வெச்சுப் பாருங்க. அப்புறம் பேசலாம்.

11/ "நாய்க்குத் தோல் கெட்டி." இல்லை. நாயோட மேல்தோல் மனுஷத் தோலை விட மெல்லிசு. முடிதான் அடர்த்தி. அந்தத் தோலுக்கு அடியில மூச்சுக்குழாய், தைராய்டு, பெரிய ரத்தக்குழாய்கள், நரம்புகள். சாதாரண பட்டையிலயே நாய் இழுக்கும்போது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுதுனு 2006ல அளந்து எழுதியிருக்காங்க. மார்புல மாட்டற ஹார்னஸ்ல அப்படி ஏறலை. ஷாக் காலர் முனைகளை மணிக்கணக்கா கழட்டாம விட்டா அழுத்தப் புண் வரும். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு முதுகுல எப்படிப் புண் வருதோ அதே வழிதான்.

12/ "தாய் நாய் குட்டியைக் கவ்வற மாதிரி", "நாமதான் கூட்டத்துக்குத் தலைவன்னு காட்டணும்". இந்தத் தலைவன் கதை 1947ல ருடால்ஃப் ஷென்கெல், அடைச்சு வெச்ச ஓநாய்களைப் பார்த்து எழுதினதுல ஆரம்பிக்குது. அதைத் தன் புத்தகத்துல பரப்பின டேவிட் மீச், காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கா பார்த்துட்டு, கூட்டம்ங்கறது அப்பா அம்மா குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான்னு 1999ல திருத்தி எழுதினார். எழுதினவரே விட்டுட்டார். நம்ம ட்ரெய்னர்கள்தான் இன்னும் விடலை.

13/ இப்ப என் மெயின் பாயிண்ட். டெங்கு பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். மூணு நாலு நாள் கொதிச்ச காய்ச்சல் சட்டுனு இறங்கும். வீட்டுல எல்லாரும் "சரியாயிருச்சு, டிஸ்சார்ஜ் பண்ணுங்க"ம்பாங்க. நாங்க அப்பதான் பயப்படுவோம். ரத்த அழுத்தம் விழறதும், ரத்தக் கசிவு வர்றதும் அந்த நேரத்துலதான். காய்ச்சல் நின்னது நோய் நின்னதுக்கு அடையாளம் இல்லை.

14/ நாய் உறுமறது காய்ச்சல் மாதிரி. உறுமல் குத்தம் இல்லைங்க, தகவல். "எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போ"ங்கறதை அதுக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லுது. ஒவ்வொரு தடவை உறுமும்போதும் கழுத்துல குத்தினா அது என்ன கத்துக்கும்? "உறுமக் கூடாது"னு கத்துக்கும். "குழந்தையைப் பார்த்துப் பயப்படக் கூடாது"னு எப்படிக் கத்துக்கும்? பயம் அப்படியே உள்ள இருக்கு. எச்சரிக்கையை மட்டும் கழட்டிட்டீங்க.

15/ இன்னொண்ணும் நடக்குது. குழந்தை எதிர்ல வருது, நாய் இழுக்குது, கழுத்துல குத்து விழுது. இப்படிப் பத்து தடவை. நாய் எதை எதோட முடிச்சுப் போடும்? "நான் இழுத்தேன், அதனால வலி"ன்னா? இல்லை "குழந்தை வந்தா வலி"ன்னா? அது எதோட முடிச்சுப் போடுதுனு உங்க கையில இல்லை. பாவ்லோவ் நூறு வருஷத்துக்கு முன்னாடி நாயை வெச்சுக் காட்டினதே இதைத்தானே.

16/ "ஆனா டாக்டர், நாய் ரொம்ப அமைதியாயிடுச்சே!" சைக்கியாட்ரியில நாங்க படிக்கற ஒரு பரிசோதனை இருக்கு. 1967, செலிக்மன், மையர். தப்பிக்க வழியே இல்லாம ஷாக் வாங்கின நாய்களை வேற கூண்டுல விட்டாங்க. அங்க சின்னத் தடுப்பைத் தாண்டினா போதும், ஷாக் கிடையாது. பெரும்பாலான நாய் தாண்டலை. படுத்து முனகிட்டு வாங்கிக்கிச்சு. மனுஷனோட டிப்ரஷனைப் புரிஞ்சுக்க அந்த நாய்களைத்தான் பாடமா படிக்கறோம்.

17/ "அது தப்பிக்க முடியாத ஷாக், எங்களோடது நாய் கட்டுப்படுத்தக் கூடியது"ம்பாங்க. சரி. எதுக்கு வலி, எப்படி நிறுத்தலாம்னு நாய்க்குப் புரியணும்னா பட்டன் நொடி பிசகாம விழணும். ஆபீஸ் விட்டு டயர்டா வந்து, ஒரு கையில போனோட நாயைக் கூட்டிட்டுப் போற உங்களுக்கும் எனக்கும் அந்த டைமிங் இருக்கா? இல்லைன்னா அந்த நாய்க்கு உங்க ஷாக்கும் புரியாத ஷாக்தான்.

18/ ஆராய்ச்சி கேட்டவங்களுக்கு. 2020, போர்ச்சுகல், 92 நாய்கள். தண்டனையை வெச்சுப் பழக்கின பள்ளிகள்ல நாய்களுக்குப் பதட்டத்தோட அறிகுறி அதிகம், பயிற்சி முடிஞ்சதும் எச்சில்ல கார்டிசால் அதிகம். தின்பண்டம் குடுத்துப் பழக்கின பள்ளிகள்ல அப்படி இல்லை.

19/ அதே 2020, இங்கிலாந்து லிங்கன் பல்கலைக்கழகம், 63 நாய்கள். எல்லாம் கூப்பிட்டா வராத நாய்கள், ஆட்டைத் துரத்தற நாய்களும் அதுல உண்டு. ஷாக் காலர் வெச்சுப் பழக்கினவங்க யாரோ கத்துக்குட்டி இல்லை, காலர் தயாரிக்கற தரப்பே பரிந்துரைச்ச ட்ரெய்னர்கள். அப்படியும் காலர் ஜெயிக்கலை. வெகுமதி குடுத்துப் பழக்கின நாய்கள் அதே அளவு, சிலதுல அதை விட வேகமாவே கீழ்ப்படிஞ்சது. அப்புறம் எதுக்கு அந்த வலி?

20/ ஒத்துக்கறேன்: நானும் இதைச் செஞ்சிருக்கேன். எங்க ஜூலி லேப்ரடார். ரெண்டு வயசுல என்னைத் தரதரனு இழுத்துட்டுப் போவா. ஒரு ட்ரெய்னர் சொல்லி ப்ராங் காலர் வாங்கினேன். ஒரே நாள்ல இழுக்கறது நின்னுது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல கூடப் போட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் அந்தக் கண்ணிச் சத்தம் கேட்டதும் ஜூலி கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டா. வாக்கிங்னா கதவுகிட்ட குதிக்கற நாய் அது.

21/ அப்பவும் எனக்கு உறைக்கலை. எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, காங்கேயம் பக்கம் பண்ணையம் பார்த்தவரு, வண்டி மாடு வெச்சிருந்தவரு, வீட்டுக்கு வந்திருந்தாரு. காலரைக் கையில எடுத்து முனையைத் தடவிப் பார்த்தாரு. "ஏங் கண்ணு, மாட்டுக்கே தார்க்குச்சி ஆகாதுன்னு எடுத்துப் போட்டாச்சு. படிச்ச புள்ள, நீ இதைய நாய்க்கு மாட்டிட்டு இருக்கறயே?" அன்னிக்குக் கழட்டினது.

22/ அப்பாரு சொன்னது வெறும் இரக்கம் இல்லை, சட்டமும் அதான். தார்க்குச்சினா நுனியில ஆணி வெச்ச குச்சி, மாட்டைக் குத்தி ஓட்ட. 1965ல வந்த வண்டி மற்றும் பொதி சுமக்கும் விலங்குகளுக்கான விதிகள்படி, விலங்கைக் கட்டுப்படுத்த முள் வெச்ச குச்சியோ, முள் கடிவாளமோ, முள்ளும் முட்டும் உள்ள சேணமோ, நுகமோ பயன்படுத்தக் கூடாது. "வெளிநாட்டுக்காரன் சட்டத்தை இங்க கொண்டு வராதீங்க"னு சொல்றவங்க இதைக் கவனிக்கணும். இது நம்ம நாட்டுச் சட்டம், அறுபது வருஷம் பழசு.

23/ ஆனா அந்த விதி மாடு, எருமை, குதிரை, கழுதை மாதிரி உழைக்கற விலங்குகளுக்குத்தான். நாய்க்கு இருக்கறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோட பொதுவான பிரிவு: தேவையில்லாத வலி குடுக்கக் கூடாது. முதல் தடவை மாட்டினா அபராதம் 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய். ரெண்டு பேர் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டா அதுக்கு மேல ஆகுது. வண்டி மாட்டைக் குத்தக் கூடாதுனு தனி விதி போட்ட நாட்டுல, வீட்டு நாயைக் குத்தற பட்டை பார்சல்ல வருது.

24/ மத்த நாடு என்ன செஞ்சதுனும் சொல்லிடறேன். வேல்ஸ்ல 2010ல ஷாக் காலரைத் தடை பண்ணிட்டாங்க. ஜெர்மனியில ஷாக் காலர் கூடாதுனு 2006லயே உச்ச நிர்வாக நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2022ல இருந்து பயிற்சிக்கு ப்ராங் காலரும் கூடாது. ஜெர்மன் ஷெப்பர்டையும் ராட்வைலரையும் உருவாக்கின நாடே "இது வேண்டாம்"னு தூக்கிப் போட்டுடுச்சு. "இந்த ப்ரீடுக்கு இது இல்லாம முடியாது"ங்கறவங்க யோசிங்க.

25/ இப்ப எதிர்த்தரப்போட பலமான வாதம். தோட்டத்துக்காரங்க சொல்றது. "காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் நாய் பட்டிக்குள்ள பூந்து ஒரே ராத்திரியில ஆட்டையெல்லாம் கடிச்சுப் போடுதுங்க. செத்த ஆட்டைத் தூக்கிட்டுப் போயி போராட்டம் பண்ணுனமுங்க. எங்ககிட்ட வந்து நாய்க்கு வலிக்கும்ங்கறீங்க?" இந்தக் கோபத்தை நான் கேலி பண்ண மாட்டேன். ஆடுதான் அவங்களுக்கு பேங்க். ஒரு பட்டி போனா ஒரு வருஷப் படிப்புச் செலவு போச்சு.

26/ ஆனா யோசிச்சுப் பாருங்க. பட்டிக்குள்ள பூந்த நாய் பெரும்பாலும் சொந்தக்காரர் இல்லாத நாய். அதுக்கு யார் காலர் மாட்டறது, யார் ரிமோட் அமுத்தறது? அதுக்குத் தேவை கருத்தடை, தடுப்பூசி, கறிக்கழிவை ரோட்டோரம் கொட்டறதைத் தடுக்கறது, பட்டிக்கு உறுதியான வேலி, நஷ்ட ஈடு. அது அரசாங்கத்துகிட்ட கேக்க வேண்டியது. வளர்ப்பு நாய் துரத்துதுன்னா ராத்திரி அடைச்சு வைங்க, பகல்ல கயித்தோட கூட்டிட்டுப் போங்க. எதுவும் செய்யாம அவுத்து விட்டுட்டு ரிமோட்டை நம்பாதீங்க. பேட்டரி தீர்ந்தா என்ன பண்ணுவீங்க?

27/ அடுத்த வாதம்: "45 கிலோ நாய், 50 கிலோ நான். காலர் இல்லைன்னா பிடிக்க முடியாது." உங்க பயம் நியாயம். 2024 மே மாசம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவுல ராட்வைலர் ஒரு அஞ்சு வயசுக் குழந்தையைக் கடிச்சுக் குதறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாய் வெச்சிருக்கறவங்க பொறுப்பா இருக்கணும்னு உங்களை விட நான் அதிகமா கத்துவேன்.

28/ அதுக்கு வழி வலி இல்லை. காத்து போற மாதிரி கூடை வாய்மூடி, அதை மெதுவா தின்பண்டம் வெச்சுப் பழக்கி மாட்டுங்க. முன்னாடி கொக்கி இருக்கற ஹார்னஸ் போடுங்க, இழுத்தா திரும்பிடும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துல கூட்டிட்டுப் போங்க. திடீர்னு குணம் மாறின நாயை முதல்ல கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. காது வலி, மூட்டு வலி இருக்கற நாயும் கடிக்கும். அது எதுவும் முடியாதுன்னா, அந்த நாய் உங்க ப்ளாட்டுக்கு ஏத்த நாய் இல்லை. வாங்கும்போதே அதை யோசிச்சிருக்கணும்.

29/ ஜூலிக்கு என்ன பண்ணினேன்? இழுத்தா நின்னுடுவேன். கயிறு தளர்ந்தா நடப்பேன். பக்கத்துல ஒட்டி நடந்தா வேக வெச்ச முட்டையில ஒரு துண்டு. முதல் வாரம் எங்க தெரு முனையைத் தாண்டலை. பக்கத்து வீட்டுக்காரங்க சிரிச்சாங்க. அஞ்சு மாசம் ஆச்சு. இப்பவும் பூனையைப் பார்த்தா இழுப்பா, பொய் சொல்லலை. ஆனா கயித்தை எடுத்தா கட்டிலுக்கு அடியில போறதில்லை.

30/ கடைசியா நம்ம ஊர் வாதம். "அடியாத மாடு படியாது." இதையேதான் பிள்ளைங்களுக்கும் சொன்னோம். பிரம்படி வாங்கின தலைமுறையில நானும் ஒருத்தி. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17ஆம் பிரிவு பள்ளிக்கூடத்துல அடிக்கறதைத் தடை பண்ணினப்பவும் "இனி பசங்க உருப்படாது"ன்னாங்க. அடி வாங்கி நான் கத்துக்கிட்டது கணக்கு இல்லை. வாத்தியார் வந்தா தலையைக் குனிஞ்சுக்கறதுதான். அடிச்சா படியும், உண்மைதான். படியறதும் புரியறதும் வேற வேற.

31/ அதனால நான் கேக்கறது மூணு. ஒண்ணு: உங்க வீட்டுல அந்தக் காலர் இருந்தா இன்னிக்கே கழட்டுங்க. யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க, நானும் மாட்டினவதான். ரெண்டு: ட்ரெய்னர் வந்தா முதல் கேள்வி, "நாய் தப்பு பண்ணினா என்ன செய்வீங்க?" பதில்ல காலரோ, சுண்டறதோ, "காட்டணும்"ங்கற வார்த்தையோ வந்தா காபி குடுத்து அனுப்பிடுங்க. மூணு: மாட்டுக்கு இருக்கற 1965 விதி மாதிரி நாய்க்கும் ஒண்ணு வேணும்னு உங்க எம்பி, எம்எல்ஏகிட்ட எழுதிக் குடுங்க.

32/ உங்க நாய் குழந்தையைப் பார்த்து உறுமினா அடிக்காதீங்க. குழந்தையைத் தூக்கிட்டுத் தள்ளிப் போங்க. எதுக்கு உறுமுச்சுனு அப்புறம் பொறுமையா பாருங்க. அது சொன்னதை நீங்க கேட்டீங்க, அவ்வளவுதான். சொல்ற நாய் நல்ல நாய்.

33/ யாரைக் கடிச்சாலும், வீட்டு நாயா இருந்தாலும், தடுப்பூசி போட்ட நாயா இருந்தாலும்: 15 நிமிஷம் சோப்பு, ஓடற தண்ணி. மஞ்சள், மிளகாய், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க. நேரா பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஊசி இலவசம். 0, 3, 7, 28ஆம் நாள். "ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்"னு விட்டுடாதீங்க. ரேபீஸ் வந்துட்டா காப்பாத்த எங்ககிட்ட மருந்து இல்லை.

34/ அந்தப் பையன் 28ஆம் நாள் ஊசிக்கு வந்தான். தழும்பு இருக்கும், பேச்சுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லை. நாய் இப்ப சொந்தக்காரங்க தோட்டத்துல சங்கிலியில இருக்குதாம். "அதுக்கு என் மேல கோபமா டாக்டர்?"னு கேட்டான். "இல்லடா, அது சொல்ல வந்துச்சு, நாங்க பெரியவங்க சொல்ல விடலை"ன்னேன். அவனுக்குப் புரிஞ்சுதானு தெரியலை. அவங்க அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

35/ அவங்களைக் குத்தம் சொல்ல இதை எழுதலை. காசு குடுத்து, நல்லதுன்னு நம்பித்தான் அந்தக் காலரை வாங்கினாங்க. நானும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கப் போற அடுத்த வீட்டுக்கு இது போய்ச் சேரணும். நாய் வெச்சிருக்கற நண்பருக்கு அனுப்புங்க. நைட் ட்யூட்டி இருக்கு, கமெண்ட்டுக்கு நாளைக்குத்தான் பதில்.